பீரோவில் பூட்டிய உப்பு

ஊறுகாய் ஜாடிக்குள் தண்ணீர் ஏறியிருப்பதைப் பார்த்த அந்தச் சாயங்காலம்தான் எனக்குப் பொறி தட்டியது. காலையில் அம்மா எலுமிச்சம்பழங்களை நான்காக நறுக்கி, கல்லுப்பை அள்ளிப் போட்டுக் குலுக்கி, அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தாள். கல்லூரி விட்டு வந்து மூடியைத் திறந்தால் பாதி ஜாடிக்குச் சாறு நிற்கிறது.

“தண்ணி ஊத்தினியாம்மா?”

“ஊறுகாய்க்கு எவளாவது தண்ணி ஊத்துவாளாடி? உப்பு இழுத்துகிச்சு.”

உப்பு இழுத்துக்கொண்டது! நான் அப்போது பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. பழத்துக்குள் கிடந்த தண்ணீரை உப்பு இழுக்கும் என்றால், ரத்தத்தில் இருக்கும் உப்பும் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளத்தானே செய்யும்? குழாய் அதே குழாய், ஓடுகிற தண்ணீர் மட்டும் கூடிப்போனால்? மொட்டை மாடித் தொட்டி நிரம்பிய நாளில் கீழே குழாயைத் திறந்தால் பக்கெட்டையே உதைக்கிற மாதிரி விழுமே, அப்படித்தான் ஆகும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த நேரத்தில் அப்பா கூடத்தில், சீருடை பேன்ட்டைக்கூட மாற்றாமல், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அன்று மதியம்தான் ரயில்வே மெடிக்கல் பரிசோதனையில் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அப்பா மின்சார ரயில் ஓட்டுபவர். மோட்டார்மேன். தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும், சில நாள் செங்கல்பட்டுக்கும். வண்டி ஓட்டுகிறவர்களை அவ்வப்போது கூப்பிட்டுக் கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். இந்த முறை அழுத்தம் நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். குறையவில்லை என்றால் ரிட்டயர் ஆகும்வரை மேஜை வேலைதான்.

வெளியாருக்கு இதில் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். மேஜை, நாற்காலி, மின்விசிறி. இரும்புலியூரில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. செங்கல்பட்டு வண்டியோடு வீட்டைத் தாண்டும்போது அப்பா சின்னதாக இரண்டு ஹாரன் கொடுப்பார். திரும்பி வரும்போது அதைக் கேட்டால் அம்மா அரிசியைக் களைந்து உலையில் போடுவாள். வண்டியைத் தாம்பரத்தில் ஒப்படைத்துவிட்டு அவர் நடந்து வரவும் சோறு வடியவும் சரியாக இருக்கும். என் பத்தொன்பது வயது வரை எங்கள் வீட்டில் சோறு அந்த ஹாரனுக்குத்தான் வெந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்கினால் அவர் என்ன ஆவார் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அதனால்தான் ஜாடியைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். “அப்பா! கண்டுபிடிச்சிட்டேன். உப்பை நிறுத்திடலாம். மூணே மாசம். நீங்க வண்டி ஓட்டுவீங்க.”

அப்பா ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஊறுகாயையுமா?” என்றார்.

மறுநாளே வீட்டில் என் ஆட்சி தொடங்கியது. அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு, பேக்கரி பன், ஸ்டேஷன் வாசல் பஜ்ஜி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினேன். கீரை, வாழைத்தண்டு, உப்பில்லாத மோர், பழம் என்று பக்கத்திலேயே பச்சை மையில் இன்னொரு தாள். அம்மாவின் கை பழக்கதோஷத்தில் உப்பு ஜாடிக்குப் போகிறது என்று பார்த்து, ஜாடியையே தூக்கி பீரோவில், அவளுடைய பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். சாவி என் தாவணி முடிச்சில். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் கிண்ணத்தோடு வந்து கொஞ்சம் உப்பு கேட்டார்.

“இருங்க, பொண்ணு காலேஜிலேர்ந்து வரட்டும்” என்றாளாம் அம்மா.

“ஏன், உப்பு காலேஜுக்கா போயிருக்கு?”

தெருவே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. புதுசாக ஒன்றைச் செய்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் கொடுமை. “இது ரசமா, வெந்நீருக்குப் புளியக் காட்டின தண்ணியா?” என்று அம்மாவே கேட்டாள். அப்பா மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாவது வாரம் அம்மா தன் பாட்டுக்கு மிளகையும் சீரகத்தையும் கூடுதலாக வறுத்துப் பொடித்தாள், இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தாள், கறிவேப்பிலையை எண்ணாமல் போட்டாள். சாப்பாடு வாய்க்கு வந்தது அவளால். கதவில் ஒட்டியிருந்த தாளில் கையெழுத்து என்னுடையது. மூன்றாவது வாரம் அப்பா கேரட் பொரியலை மென்றபடி, “இது இனிக்குதே, சக்கரை போட்டியா?” என்றார். யாரும் சக்கரை போடவில்லை. உப்பு விலகியதும் நாக்குக்குக் காயின் ருசியே தெரிய ஆரம்பித்திருந்தது. அதை நான் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வரும் வழியில், நீளப் பெட்டியில் இருக்கும் பாதரசக் கருவியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி அளந்து சொல்வார். மேல் எண்ணுக்குச் சிவப்பு மை, கீழ் எண்ணுக்கு நீலம் என்று கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்தேன். மூன்று ஞாயிறுகளில் சிவப்புக் கோடு நூற்று எண்பதிலிருந்து நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. எங்கள் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் எரிமலை செய்கிறார்கள், இதயத்தைத் தெர்மாகோலில் வெட்டுகிறார்கள். என்னிடம் உயிருள்ள ஒரு சோதனை இருந்தது.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை நாளாக அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா அந்த மூன்று வாரமும் டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோடு இறங்கியது என் சமையல் சட்டத்தாலா, மாத்திரையாலா? கண்காட்சியில் யாராவது இதைக் கேட்டுவிட்டால்? சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடக்கும்போது (நடைப் பயிற்சியும் என் சட்டம்தான்) பேச்சை எடுத்தேன்.

“அப்பா, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?”

“டாக்டர் சாப்பிடச் சொன்னாரேம்மா.”

“டாக்டருங்க மாத்திரையத்தான் நம்புவாங்க. சாப்பாட்டாலயே குறையுதுன்னு நாம காட்டலாம்ப்பா. நான் எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன்.”

ஏரியில் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்பா அதைப் பார்த்தபடியே சொன்னார். “நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் விடமாட்டாள் என்று தெரியும். அதாவது, விடக் கூடாத காரியம் என்று எனக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு எண் ஏறவில்லை. பார்த்தீர்களா என்று அப்பாவிடம் குதித்தேன். அதற்கடுத்த ஞாயிறு கொஞ்சம் ஏறியது. நர்ஸ் அக்கா பட்டையை அவிழ்த்தபடி கேட்டார். “மாத்திரை ஒழுங்கா போடறாராம்மா?”

“போடறாருக்கா.” சொன்னது நான். அப்பா கையை நீட்டியபடி ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் கண்காட்சி. கோடு மேலே திரும்பிய இடத்துக்கு முன்னாலேயே அட்டையைக் கத்தரித்தேன். இறங்குகிற கோடு மட்டும், பெரிய அட்டையில், வண்ணத்தில். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் உப்பில் ஊறும் எலுமிச்சை. வந்தவர்கள் எல்லாரும் ஜாடிக்கு முன்னால் நின்றார்கள். “தண்ணியே ஊத்தலையா?” என்று ஒவ்வொருவரும் கேட்க, ஒவ்வொருவருக்கும் சொன்னேன். மாத்திரை பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டாம் பரிசு. சான்றிதழை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மடங்காமல் ஒரு செய்தித்தாளுக்குள் வைத்து வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஐந்து ஞாயிறும் கோடு ஏறியது. நூற்று ஐம்பத்தி ஏழு. நூற்று அறுபது. நூற்று அறுபத்தி நாலு. நூற்று எழுபது. நூற்று எழுபத்தி எட்டு. கண்ணாடி போட்டுப் பார்க்கத் தேவையில்லை, காரணம் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. ஆனால் என் மண்டையில் அது ஏறவே இல்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அப்பா வெளியே உப்பு சாப்பிடுகிறார். என்னை ஏமாற்றுகிறார்.

இங்கே அப்பா வேலை செய்யும் இடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாம்பரத்தில் டிரைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி எடுக்கப் போகும் அறைக்குப் பின்னால் நீளமாக ஒரு மேஜை உண்டு. அதில் யாரும் தன் கேரியரைத் தான் மட்டும் வைத்துச் சாப்பிடுவதில்லை. எல்லா அடுக்குகளையும் நடுவில் திறந்து வைத்து, முதலில் தன்னுடையதில் ஒரு கை எடுத்து அடுத்தவர் தட்டில் வைக்க வேண்டும். வண்டி தாமதமாகி வருகிறவனுக்குச் சோறு கெட்டுப்போயிருக்கும், அவன் பசியோடு மறுபடி வண்டி ஏறக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஏற்பட்ட பழக்கம். வைத்ததை வேண்டாம் என்றால் அது பெரிய அவமரியாதை. அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய்க்கு அந்த மேஜையில் தனி மவுசு.

அந்த மேஜையில்தான் உப்பு ஏறுகிறது என்று முடிவுகட்டினேன். அப்பாவை இப்போது அந்த அறையிலேயே உட்கார்த்தி, யார் எந்த வண்டி என்று எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் மதியம் கடைசி இரண்டு வகுப்பை விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, மேம்பாலப் படியேறி இறங்கி, நேராக உள்ளே போனேன்.

ஆறேழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சீருடையில். அப்பா மட்டும் சாதாரண சட்டையில், ஓரத்தில். அவர் தட்டில் சோறு, சோற்றின் மேல் செக்கச் சிவந்த மீன் குழம்பு. குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்பாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், நான் மாமா என்று கூப்பிடுபவர். பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வீட்டு மீன் குழம்பு அந்த லைன் முழுக்கப் பிரசித்தம். மேஜையில் அப்பாவுக்குப் பக்கத்து இடம் எப்போதும் அவருடையது, அதனால் அப்பா தட்டுக்கு வருவது அவர் வீட்டு அடுக்கிலிருந்துதான்.

“அட, மச்சான் பொண்ணு வந்துகீதுபா! இன்னா பாப்பா, காலேஜி இல்லியா? வா, குந்து, ஒரு வாய் துன்னுட்டுப் போ.”

நான் உட்காரவில்லை. நேராக அப்பாவிடம் போய் அந்தத் தட்டைத் தூக்கினேன். சோற்றில் அவருடைய கை இருக்கும்போதே தூக்கினேன்.

“இதுக்குத்தானாப்பா நான் வீட்டில உப்பைப் பூட்டி வைக்கிறேன்? உங்களுக்கு நூத்தி எழுபத்தெட்டு இருக்கு. இன்னும் இருபது நாளில் மெடிக்கல். நீங்களே வண்டி வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? என்னை எதுக்கு ஏமாத்தறீங்க?”

வேகமாகத்தான் பேசினேன். எப்போதும் வேகமாகத்தான் பேசுவேன். பேசி முடித்த பிறகுதான் அந்த அறையில் சத்தமே இல்லை என்பது காதில் விழுந்தது.

மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும், அது வரும் வரைக்கும் மேஜையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. ரத்த அழுத்தம் என்று தெரிந்தால், நாளைக்கு அவர் வண்டி எடுக்கும்போது கூட ஏறுகிற கார்டுகூட ஒரு நிமிஷம் யோசிப்பான் என்று அவருக்குப் பயம். ஆறேழு பேர் முன்னால் எண்ணோடு சொல்லிவிட்டேன்.

கடைசியில் ஒரு இளம் டிரைவர்தான் மாமாவைக் காட்டி வாயைத் திறந்தார். “இன்னாமே பாப்பா சொல்ற? அந்தக் கொழம்புல உப்பு எங்க கீது? ரெண்டு மூணு வாரமா நாங்கதான் இவரக் கலாய்ச்சுகினு கீறோம், இன்னாண்ணே, வூட்ல அண்ணிகூட சண்டயா, உப்பே போடாம அனுப்புதுன்னு. நாங்கல்லாம் மேல தூவிகினுதான் துன்றோம்.”

மேஜை நடுவில் ஒரு சின்ன டப்பாவில் உப்பு இருந்தது. எல்லார் தட்டின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை. அப்பாவின் தட்டு என் கையில் இருந்தது. அதில் இல்லை.

சொல்லிவிட்டு அந்த இளம் டிரைவர் மாமாவைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அப்பாவைப் பார்த்தார்கள். ஒரு மேஜை முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒரு விஷயம் புரிவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மாமா குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “ஒண்ணியும் இல்ல. துன்னுங்கபா, ஆறிப்போவுது” என்றார்.

அப்பா எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். தட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், “மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?” என்று ஒரு வரி அவர் கேட்டிருக்கலாம். நியாயம் முழுக்க அவர் பக்கம். “வெயிலா இருக்கு, பாத்துப் போம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார். அந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியில் என் சான்றிதழ் இருந்தது. ‘உப்பும் ரத்த அழுத்தமும்’, இரண்டாம் பரிசு.

மாமா என்னோடு படிக்கட்டு வரை வந்தார். “அந்தக் காயிதத்தப் பாத்துதான் பாப்பா எனக்கு டவுட்டே வந்துச்சு. பொண்ணு இத்தப் போயி படிக்கிதுன்னா வூட்ல யாருக்கோ கீதுன்னு. இவன் மூஞ்சியப் பாத்தேன், தெரிஞ்சிபோச்சு. அவன்கிட்ட கேக்கல. வூட்ல சொல்லி உப்ப நிறுத்திட்டேன். இந்தப் பசங்க வாய்ல வுயுந்தேன், இன்னா இப்போ?” படியில் நின்று கேட்டார்: “மாத்திர துன்றானா?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு ஆட்டல்.

மேம்பாலத்தின் நடுவில் நின்றேன். கீழே பீச் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. வீட்டில் உப்பு இல்லை, வெளியிலும் உப்பு இல்லை. அப்படியானால் ஏறியது எதனால்? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஏரிக்கரையில் நான் மாற்றியது ஒன்றைத்தான். அது உப்பு இல்லை. என் விதியை வைத்தே பார்த்தாலும் விடை தெரிந்துவிட்டது. ஏழு வாரமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது, நான்தான் நோட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி மாத்திரை அட்டைகளை எடுத்து அப்பாவின் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். “அப்பா” என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவர் ஒன்றைப் பிதுக்கி எடுத்து விழுங்கினார். “நாளைக்கும் கேரியர் கட்டிக் குடு. அந்தப் பசங்களுக்கு உங்கம்மா கீரை புடிச்சுப்போச்சு” என்றார்.

இருபது நாள் போதவில்லை. மெடிக்கலுக்கு நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொன்னேன், ஆனால் நோட்டைத் துணிப்பையில் எடுத்துப் போயிருந்தேன், டாக்டர் கேட்டால் காட்டலாம் என்று. வெட்கம் கெட்ட ஆசை அப்போதும் முழுசாகப் போகவில்லை. டாக்டர் அளந்தார். நூற்று அறுபத்தி நாலு. முகத்தைச் சுளித்தார்.

“மூணு மாசம் மாத்திரை சாப்பிட்ட உடம்பு மாதிரி இல்லையே. நடுவுல நிறுத்தினீங்களா?”

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டடி தூரம். வாய் இருந்தது. எப்போதும் யோசிக்கும் முன்னாலேயே பேசுகிற வாய்.

“மறந்துட்டேன் சார்” என்றார் அப்பா.

“மறந்துட்டீங்களா? ஆயிரக்கணக்கான ஜனத்தை வச்சு ஓட்டறவர் நீங்க. ஒரு மாத்திரையை ஞாபகம் வச்சுக்க முடியாதவரை நான் எப்படி சார் வண்டியில ஏத்தறது?” டாக்டர் சத்தமாகத்தான் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிக்னல் தவறிப் போனதாக ஒரு கெட்ட பேர்கூட வாங்காத மனுஷர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். பிறகு டாக்டர் அப்பாவின் ஃபைலில் எழுதினார். எனக்கு ஆங்கிலம் தலைகீழாகவும் படிக்க வரும். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர் என்று எழுதினார். இன்னும் மூன்று மாதம், அதுதான் கடைசி என்றார்.

நான் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலும் பேசவில்லை. ரயிலில் அப்பா ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டே வந்தார். பல்லாவரம் தாண்டும்போது என்னவோ சொல்ல வாயெடுத்தேன். “நுங்கு வாங்கலாமா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வீட்டில் ஆட்சி அம்மாவிடம் போனது. மாத்திரை விஷயத்தை அவளிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் அடிக்கவில்லை. பீரோ சாவியைக் கேட்டு வாங்கினாள். உப்பு ஜாடி சமையலறைக்குத் திரும்பி வந்தது, ஆனால் அவள் பழையபடி கையால் அள்ளுவதில்லை, ஒரு சின்னக் கரண்டி போட்டு வைத்திருக்கிறாள். மூன்று பேருக்கும் ஒரே குழம்பு, ஒரே ரசம், அளந்த உப்பு. கதவிலிருந்த இரண்டு தாளையும் கிழித்து அடுப்பு துடைத்தாள். காலையில் இட்லியோடு மாத்திரையை அவளே உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்க்கிறாள். “சாப்பாடும் வேணும், மாத்திரையும் வேணும். ரெண்டு சக்கரம் இல்லாம எந்த வண்டிடி ஓடுது?” என்று ஒரு தடவை சொன்னாள். நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு நர்ஸ் அக்கா அளந்தபோது நூற்று முப்பத்தி எட்டுக்கு எண்பத்தி எட்டு. அதற்கு முந்தைய மூன்று வாரமும் கிட்டத்தட்ட அதுதான். அப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, எதிரில் போன செங்கல்பட்டு வண்டியைப் பார்த்து, “லேட்டு” என்றார். மாமா ஓட்டுகிற நாளில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது அவரும் இரண்டு ஹாரன் கொடுப்பது வழக்கம், அப்பாவுக்காக. நான் அந்த அறையில் கத்திவிட்டு வந்த பிறகு இத்தனை மாதமாக அந்தச் சத்தம் கேட்கவில்லை. கோபமா, அல்லது மேஜையில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு அது குத்தும் என்று நினைக்கிறாரா, தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கடைசி மெடிக்கல். எண் சரியாகத்தான் இருக்கும் என்று நர்ஸ் அக்கா சொல்கிறார். ஆனால் எண் மட்டும் போதாது. ஃபைலில் அந்த வரி இருக்கிறது. இப்போது சரியாக இருந்தாலும், மறுபடி மறந்துவிடுவாரே என்று டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும், அப்பாவுக்கு வண்டி கிடையாது. அந்த வரியை எழுதியவர் டாக்டர். எழுத வைத்தது நான். அதை அடிக்கச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

அதனால் இப்படி யோசித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு, சனிக்கிழமை மதியம், அம்மா கட்டித் தரும் கீரையை எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போகப்போகிறேன். வழக்கப்படி முதலில் ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு கை வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும்: அன்றைக்கு ஏமாற்றியது அப்பா இல்லை என்று. மாமாவிடமும், அன்றைக்குத் தலையை ஆட்டினேனே, அது பொய் என்று. சான்றிதழைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா தருவாரா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அப்பாவோடு போகப்போகிறேன். நோட்டும் வரும். இந்த முறை கத்தரிக்காமல், ஏறிய கோட்டோடு, ஏரிக்கரைத் தேதியில் சிவப்பு மையால் சுழித்து. டாக்டர் திட்டினால் எழுந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியதை இரண்டு நாளாகக் கண்ணாடி முன் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். பெரிய பேச்சாக ஆரம்பித்தது, சுருங்கிச் சுருங்கி இவ்வளவுதான் மிச்சம்.

“சார், அப்பா மறக்கலை. நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

வேகமாகப் பேசாமல், மெதுவாக, அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.